ஒற்றைக் காதுப் படம்

என் வீட்டுக்கு வருகிறவர்கள் சுவரைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "இன்னொரு காது எங்கே?" அந்தப் படத்தில் பார்ப்பதற்கு எவ்வளவோ இருக்கிறது. ஏறிய நெற்றி இருக்கிறது, குழி விழுந்த கன்னம் இருக்கிறது, நாலைந்து வீச்சிலேயே வந்து விழுந்த தலைமுடி இருக்கிறது. அத்தனையையும் விட்டுவிட்டு இல்லாத காதைத் தேடுவார்கள். மனுஷ புத்தி. நான் பதில் சொல்வதில்லை. காபி குடிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன். அந்தக் கேள்வியை முதன்முதலில் கேட்டவர் யார் என்று தெரிந்தால் அவர்களுக்குக் காபி இறங்காது.

படத்தில் இருப்பவர் என் கணவர். பாலம் கட்டுகிற பட்டாளத்தில் இருந்தார். பெங்களூரில், அல்சூர் ஏரிக்கு இந்தப் பக்கம், ஓட்டு வீடுகள் வரிசையாக நிற்கிற சந்து ஒன்றில் எங்கள் வீடு. முன்னால் ஓர் அறை, பின்னால் சமையல், நடுவில் ஒரு கயிற்றுக் கட்டில். அதில் என் மாமியாரும் நானும்தான். கல்யாணமான மறுவருஷமே என் கணவரைக் கப்பலில் ஏற்றி மலாய்ப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். போன கொஞ்ச நாளில் சிங்கப்பூர் விழுந்தது. அதற்கப்புறம் ஒரு சேதியும் இல்லை. காணவில்லை என்று சர்க்கார் காகிதம் ஒன்று வந்தது. "காணலைன்னா தேடட்டும். எனக்கு ஏன் காயிதம் அனுப்புறானுங்க?" என்றார் மாமியார். அதோடு அந்தக் காகிதத்தின் கதை முடிந்தது.

என் கணவரின் முகம் எங்களிடம் இல்லை. இதைச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று மாமியார் கல்யாணத்தின்போது போட்டோக்காரரையே வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். பட்டாளத்தில் எல்லாரையும் வரிசையாக உட்கார்த்தி ஒன்று எடுத்தார்கள். அதில் இவர் சரியாக அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ஆளிடம் என்னமோ சொல்லத் திரும்பியிருக்கிறார். தோள் இருக்கிறது, பொத்தான் இருக்கிறது, முகம் இருக்கவேண்டிய இடத்தில் தண்ணீர் பட்டுக் கலைந்த மாதிரி ஒரு வெளுப்பு. அடங்கி உட்காருகிற ஜன்மமே இல்லை. தூக்கத்தில்கூடப் பேசுவார்.

ஒரு வருஷம்கூடச் சேர்ந்து வாழாத புருஷனின் முகம் எத்தனை நாள் மனசில் நிற்கும்? முதலில் குரல் போயிற்று. அப்புறம் மூக்கு. குழாயடியில் தண்ணீருக்கு நிற்கும்போது, இவருடைய புருவம் சேர்ந்திருந்ததா பிரிந்திருந்ததா என்று யோசிப்பேன். ஞாபகம் வராது. அத்தையைக் கேட்கவும் வெட்கம். புருஷன் முகத்தை மறந்துவிட்டேன் என்று எந்தப் பெண் தன் மாமியாரிடம் போய்ச் சொல்வாள்?

சண்டை ஓய்ந்ததும் ஆட்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். பட்டாளத் தண்டு ரயிலடிக்கு ஒவ்வொரு வண்டிக்கும் சந்திலிருந்து யாராவது ஓடினார்கள். யார் வீட்டிலாவது மேளம் கேட்கும், யார் வீட்டிலாவது ஒப்பாரி கேட்கும். எங்கள் வீட்டில் மட்டும் இரண்டும் இல்லை. காலையில் நான் தலைவாரிப் பூ வைக்காவிட்டால் அத்தை கத்துவார். "அவன் வர்ற நேரத்துல மூளி மாதிரி நிக்காதே." பொட்டைப் பெரிதாக வைத்துக்கொண்டு வேலைக்குப் போவேன்.

வேலை பிரேசர் டவுனில், ஒரு துரைசானியின் தையல் கூடத்தில். துணியில் பூவேலை செய்கிற பெண்களுக்கு மாதிரி வரைந்து கொடுப்பது என் பொறுப்பு. காகிதத்தில் மையால் பூவும் கொடியும் வரைந்து, கோட்டின் மேலேயே ஊசியால் குத்தி, துணிமேல் வைத்து நீலப்பொடி தேய்த்தால் புள்ளி புள்ளியாக இறங்கும். வருஷக்கணக்கில் கோடு போட்டவளுக்கு ஒரு கோட்டைப் பார்த்தால், போட்ட கை நின்றதா ஓடியதா நடுங்கியதா என்று தெரிந்துவிடும். சும்மா இருக்கிற பூவுக்கு ஒரு கோடு போதும். காற்றில் ஆடுகிற பூவைப் பார்த்து வரைந்தால் ஒரே இதழுக்கு இரண்டு மூன்று கோடு விழும். கை தேடுகிறது என்று அர்த்தம். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தப் படம் வந்த அன்றைக்கு எனக்கு இந்த ஒரு விஷயம்தான் தெரிந்திருந்தது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல குளிர், வெயில் ஏறியும் ஏரிப் பக்கத்துப் பனி போகவில்லை. வாசலில் ஒருத்தர் வந்து நின்றார். முப்பது வயசுகூட இருக்காது. உடம்புக்குப் பொருந்தாத காக்கிச் சட்டை, நெற்றியில் சந்தனம், கையில் ஒரு மூங்கில் குழாய். என் கணவர் பேரைச் சொல்லி, இது அவர் வீடுதானே என்று கேட்டார். நான் ஆமாம் என்பதற்குள் அத்தை என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

"உள்ள வாப்பா."

"இல்லம்மா. இங்கயே நிக்கிறேன்."

குழாயின் வாயில் கட்டியிருந்த மெழுகுத்துணியை அவிழ்த்து, உள்ளேயிருந்து ஒரு தாளை உருவி, அத்தையின் இரண்டு கையிலும் வைத்தார். தாள் தானாகச் சுருண்டுகொண்டது. அத்தை அதை மார்பில் வைத்து நிமிர்த்தினார். நான் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன்.

கறுப்பு மையில் ஒரு முகம். புருவம் சேர்ந்துதான் இருந்தது. எப்படி மறந்தேன்! மூக்கு, அந்த மூக்கின் நுனி லேசாக இடது பக்கம் வளைவது, முன் மயிர் எழுந்து நிற்பது, எல்லாம் அங்கே இருந்தது. சதை போய்விட்டது. கன்னத்தில் படுக்கைக் கோடாக மையை இழுத்து இழுத்து நிழல் போட்டிருந்தது. கழுத்துக்கு இரண்டே கோடு, அதுவும் தோள்வரை போகாமல் பாதியில் நின்றிருந்தது. ஆனால் அவர்தான். நல்ல போட்டோ கூட இப்படி ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தியிருக்காது. ஒரு கண் நம்மைப் பார்த்தது. இன்னொன்று நமக்குப் பின்னால் எதையோ. வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"எம்புள்ள!" என்று அத்தை போட்ட சத்தத்தில் சந்தே திரும்பிப் பார்த்தது. "பாத்தியாடி, எம்புள்ளடி! உயிரோட இருக்கான்டி! யப்பா, நீ நல்லா இருக்கணும். எப்பப்பா வர்றான்?"

அந்தப் பையன் வாயைத் திறந்தார். மூடினார். "தெரியலம்மா" என்றார்.

"தெரியாதுதான். அந்தப் பட்டாளத்துல எவனுக்கு எது தெரியும்? ஏய், தண்ணி கொண்டாடி!"

நான் ஓடிப்போய்ச் சொம்பு நிறையக் கொண்டுவந்தேன். அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். "வேணாம் அண்ணி" என்றார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்கள் எங்களுக்குப் புதுசில்லை. பட்டாளத்து எழுத்தர் வருவார், வாசலோடு போவார். பள்ளிக்கூடத்து ஐயா வருவார், தாகமில்லை என்பார். சித்திரை வெயிலில் வேர்த்து ஒழுகிக்கொண்டு நின்றாலும் தாகமில்லை என்பார். எந்த ஜாதிக்காரர் எங்களிடம் எதை வாங்குவார், எதை வாங்கமாட்டார் என்பது எங்களுக்குப் பால்குடி மறப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். சந்தனப் பொட்டைப் பார்த்ததும் அத்தை முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கோபமே இல்லை, அன்றைக்கு அவருக்கு யார்மீதும் கோபம் வராது.

"புரியுதுப்பா. எங்கூட்டுத் தண்ணி ஒனக்கு ஆவாது. இரு, பழம் தரேன். தோலு உரிக்காத பழம். அதுல எந்தத் தீட்டும் ஒட்டாது."

உள்ளே தொங்கிய சீப்பிலிருந்து இரண்டு ஏலக்கி வாழைப்பழம் பிய்த்துக்கொண்டு வந்து நீட்டினார். அவர் வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கண் அத்தையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தது. ஏதோ கேட்கிற மாதிரி, கெஞ்சுகிற மாதிரி. அப்புறம் திரும்பி நடந்தார். போய்விட்டு வருகிறேன் என்று சொல்லவில்லை.

"தொலையட்டும், கர்வம் புடிச்சவன்" என்று அத்தை பழத்தைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். "ஆனாலும் நல்ல சேதி கொண்டாந்தான்."

தண்ணீர் வாங்காதவர்கள் பழம் வாங்குவார்கள். எங்களைத் தொடாத எழுத்தர்கூட ஆயுத பூஜையன்று வாழைப்பழத்தை மடியில் கட்டிக்கொண்டுதான் போவார். பழமும் வேண்டாம் என்றால் அது ஜாதி இல்லை. வீட்டுக்குள் வராமல், பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், போய் வருகிறேன் என்று சொல்லாமல் திரும்புகிறவர் யார்? எங்கள் வீட்டில் இது யாருக்குத் தெரியவேண்டும்? என் மாமனார் பட்டாளத்தில் சேருவதற்கு முன்னால் ஆம்பூர்ப் பக்கத்தில் செய்துகொண்டிருந்த வேலையே அதுதான். ஊர்க்காரர்கள் வீட்டில் சாவு விழுந்தால் எங்கள் ஆட்கள்தான் ஊர் ஊராக நடந்துபோய் உறவுக்காரருக்குச் சொல்லவேண்டும். வெளியிலேயே நிற்கவேண்டும், எதையும் தொடக்கூடாது. வாயைத் திறந்து சொல்லக்கூட வேண்டாம், ஆள் தண்ணீர் மறுத்ததுமே உள்ளே ஒப்பாரி எழுந்துவிடும். அந்த வேலை பிடிக்காமல்தான் மாமனார் பெங்களூருக்கு ஓடிவந்தார். ஊரார் சாவையெல்லாம் சுமந்த குடும்பம், தன் வீட்டுச் சாவு வாசலில் வந்து நின்றபோது ஜாதித் திமிர் என்று நினைத்துப் பழத்தை நீட்டியது. இத்தனை காலம் எங்களை அவமானப்படுத்தினவர்கள் கடைசியில் எங்கள் கண்ணையும் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

குழாயடிக்குப் போகிறேன் என்று குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஏரிக்கரையில் அந்தப் பையனைப் பிடித்துவிட்டேன். அங்கே கல்மேல் மூங்கில் குழாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"எப்ப?" என்று மட்டும் கேட்டேன்.

"போன வருஷம் மழையில, அண்ணி. நான் தண்ணி வாணாம்னதுமே புரிஞ்சுக்குவீங்கன்னு நெனச்சேன். அம்மா அப்படிச் சிரிக்கவும் எனக்கு நாக்கு எழும்பல. கோயிலுக்குப் போயி, தைரியம் குடு சாமின்னு வேண்டிக்கிட்டுத்தான் வந்தேன்."

அந்தச் சந்தனம் அதற்கு. "நாங்க வேற நெனச்சுட்டோம்" என்றேன்.

அவர் புரிந்துகொண்டார். "நானும் நம்மாளுதான் அண்ணி. தங்கவயல்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகைக்கு முன்னால் சிரிப்பு வந்த வெட்கங்கெட்ட நாள் அது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே சாய்ந்து உட்கார்ந்தேன்.

அவரே சொன்னார். என் கணவரின் பட்டாளத்திலேயே பாலத்துக்கு வரைபடம் போடுகிற வேலை அவருக்கு. இரண்டு பேரும் ஒன்றாகப் பிடிபட்டு, ஏதோ ஒரு தீவில் ஒரே கொட்டகையில் கிடந்தார்கள். என் கணவருக்கு வாந்திபேதி கண்டது. விளக்குக் கரியை அரைத்து மை பண்ணி, மூங்கில் சிம்பைச் சீவி எழுதுகோல் பண்ணி, ஒளித்து வைத்திருந்த பழைய பால வரைபடத்தின் பின்பக்கத்தில் இந்தப் பையன் என் கணவரைப் படம் போட்டார்.

"எதுக்குப் போட்டே?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். சாகிற மனுஷனைப் பக்கத்தில் உட்கார்ந்து படம் போட எப்படி மனசு வரும்?

"கையில வேற ஒண்ணுமில்ல அண்ணி. மருந்து இல்ல, சோறு இல்ல. ஒரு மொகத்தையாவது வீட்டுக்குக் கொண்டாந்து சேத்துடலாம்னு. அண்ணனுக்கும் அது புடிச்சிருந்துச்சு. அப்பப்ப காட்டச் சொல்லிப் பாத்தாரு. கடைசியா காட்டினப்ப, 'இன்னொரு காது எங்கடா?' ன்னாரு. 'நாளைக்கு வெக்கிறேண்ணே'ன்னேன்."

மறுநாள் அவர் இல்லை. ஒன்று மட்டும் என்னை அறுத்துக்கொண்டே இருந்தது. அத்தையின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தபோதே பட்டது. அந்தப் படத்தில் எல்லாமே ஒற்றைக் கோடு. நெற்றிக்கு ஒன்று, மூக்குக்கு ஒன்று, தாடைக்கு ஒன்று, துணிச்சலாக இழுத்த கோடுகள். உதட்டில் மட்டும் மூன்று, நான்கு கோடு ஒன்றன்மேல் ஒன்று. கீழுதட்டில் மை கனத்துப் போயிருந்தது. கை அங்கே தேடியிருக்கிறது.

"அவர் வாய் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சா? என்ன பேசினாரு?"

"அத விடுங்க அண்ணி."

"சொல்லு."

ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தண்ணி கேட்டாரு."

கொட்டகையில் தண்ணீர் இல்லையாம். மழை கொட்டுகிற ஊர், வெளியே ஆறே ஓடுகிறதாம். ஆனால் அந்தத் தண்ணீரில்தான் நோய். காய்ச்சின தண்ணீர் அளந்து வரும். வந்தது எப்போதோ தீர்ந்துவிட்டது. ஆற்றுக்குப் போனவனைக் காவல்காரன் அடித்து விரட்டிவிட்டான். "தண்ணி தண்ணின்னுக்கிட்டே இருந்தாரு. நான் இதோ வந்துரும்ணே, இதோ வந்துரும்ணேன்னு வரைஞ்சுக்கிட்டே இருந்தேன்" என்றார்.

என் பக்கத்தில் வெறுங்குடம் இருந்தது. எதிரே அல்சூர் ஏரி முழுக்கத் தண்ணீர் இருந்தது. அன்றைக்கு அந்த ஏரியைப் பார்த்து நான் திட்டின திட்டை எழுத முடியாது.

"அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனார். தங்கவயலுக்குப் போயிருப்பார். பிறகு அவரைப் பார்க்கவே இல்லை.

சொல்லத்தான் போனேன். குடத்தை நிரப்பிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால், அத்தை அடுப்பைப் பற்றவைத்து வெல்லம் தட்டிக்கொண்டிருந்தார். படத்தைக் கட்டிலில் விரித்து நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்திருந்தார். சந்துப் பெண்கள் சுற்றி நின்றார்கள். "மெலிஞ்சிட்டான். வந்தா ரெண்டு மாசத்துல தேத்திடுவேன்" என்றார். பாயசம் ஊற்றி என் கையில் கொடுத்தார். நான் குடித்தேன். அதைவிடக் கசந்த ஒன்றை நான் இதுவரை குடித்ததில்லை.

நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். நாளைக்கு மறுநாள் ஆயிற்று. அத்தை ராகிக்களி கிண்டும்போதெல்லாம் மகனுக்கென்று ஒரு உருண்டை கூடுதலாகப் பிடித்து வைப்பார். அந்த உருண்டையைப் பார்த்தால் எனக்கு வாய் வராது.

படத்துக்குச் சட்டம் போடவேண்டும் என்றார் அத்தை. மார்க்கெட் பக்கத்தில் கண்ணாடி போடுகிற சாயபு ஒருத்தரிடம் போனோம். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பின்பக்கத்துப் பாலக் கோடுகள் கன்னத்தின் வழியாகத் தெரிந்தன.

"யாரு போட்டது அம்மா? ரொம்ப அவசரம். ஆதா வேலைதான், பாதிதான் ஆயிருக்கு. நம்ம கிட்டே ஒரு பெயிண்டர் இருக்கார். காது வெச்சிடுவார், கன்னம் கொஞ்சம் ரொப்பிடுவார், வாய் மூடிடுவார். ராஜா மாதிரி ஆயிடும்."

அத்தைக்கு ஆசை வந்துவிட்டது. "வாயி தொறந்திருக்கறது நல்லாத்தான் இல்ல. செத்த மூடிட்டா..."

"கை வெச்சா கையை ஒடிப்பேன்" என்றேன். யாரைச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அத்தை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சாயபு சமாதானமாக, "சரி, அப்படியே போடறேன். மாலைக்குக் கொக்கி வைக்கவா? கீழே விளக்குக்குப் பலகை?" என்று கேட்டார். செத்தவர் படத்துக்குத்தான் அது.

"வேணாம்" என்றேன். அத்தையும் அதே நேரத்தில் "வேணாம்" என்றார்.

படம் சுவரேறியது. மாலை இல்லை, விளக்கு இல்லை. அதற்குப் பின் எனக்கு நேர்ந்ததை எப்படிச் சொல்வது? நான் அந்தப் படம் மாதிரி வேறு எதையும் வாழ்க்கையில் பார்த்ததில்லை. இன்றைக்கும் அது ஒரு பெரிய வேலை என்றே சொல்வேன். அந்தப் பையன் ஒரு கோட்டைக்கூடப் பொய்யாகப் போடவில்லை. கழுத்து நரம்பு இழுத்துக்கொண்டிருப்பதை ஒரே வீச்சில் கொண்டுவந்திருக்கிறார். கண்ணின் கீழே மை வற்றிய எழுதுகோலால் வறட்டுக் கோடாக இழுத்த இடம் இருக்கிறதே, அங்கே தோல் காய்ந்து கிடப்பது கைக்குத் தட்டுப்படும். நல்ல படம் என்றால் பார்க்கிறவளைச் சும்மா விடக்கூடாது. இது என்னை ஒரு நாளும் சும்மா விட்டதில்லை. காலையில் கண் விழித்தால் அந்த வாய். தண்ணீர் கேட்கிறது. வேலையிலிருந்து வந்து செருப்பை விட்டால் அந்த வாய். நான் சொம்பை எடுத்து மடக்மடக்கென்று குடிக்கும்போது எதிரே அந்த வாய்.

அதற்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டால் போதும். எங்கள் முறையில் செத்தவர்களுக்கு அதுதான் முதலில் செய்வது. சோறு, துணி எல்லாம் பிறகு, முதலில் தண்ணீர். ஆனால் வைத்தால் அவர் செத்துவிட்டார் என்று அர்த்தம். அத்தை இருக்கிற வீட்டில் எப்படி வைப்பேன்? தாகத்தோடு செத்த மனுஷனைச் சுவரில் மாட்டி, கண்ணெதிரே தண்ணீர்க்குடத்தை வைத்துக்கொண்டு, ஒரு வாய் கொடுக்காமல் வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்தினேன். தினம் பொட்டு வைத்தேன், பூ வைத்தேன். சுதந்திரம் வந்தது என்று சந்தெல்லாம் தோரணம் கட்டினார்கள். எனக்கு எது வந்தாலும் ஒன்றுதான். உலகத்தில் ஒருவரிடமும் சொல்லி அழ முடியாமல், தையல் கூடத்தில் துரைசானிக்குத் தாமரை வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். என் பூக்களில் கோடு இரண்டு மூன்றாக விழ ஆரம்பித்தது. ஆடாத பூவுக்கும்.

அத்தைக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஒரு வாரம் படுத்தார். கடைசி நாளன்று மதியம், நல்ல வெயில், கட்டிலை வாசல் பக்கம் இழுத்துப் போட்டிருந்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அப்புறம் சுவரைப் பார்த்தார்.

"ஏண்டி."

"சொல்லுங்க அத்தே."

"அவனுக்கு ஒரு டம்ளர் தண்ணி வெச்சுடேன். எத்தினி வருசமா கேக்கறான்."

கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"யாரு சொன்னா ஒங்களுக்கு?"

"யாரு சொல்லணும்? பெத்தவளுக்கு அந்த வாயி தெரியாதா? ராத்திரியில பாலுக்கு இதே மாதிரிதான் தொறப்பான்." மூச்சு வாங்கிற்று. கொஞ்ச நேரம் கழித்து, "பழங்கூட வாங்கலியே அந்தப் புள்ள. ஒங்க மாமன் அந்த வேல பாத்தவருடி. எனக்குத் தெரியாதா?" என்றார்.

"தெரிஞ்சா ஏன் அத்தே சொல்லல?" கத்தினேன். சாகப்போகிறவர் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன்.

"நீ சின்னப்பொண்ணு. பொட்டோட இருக்கறியேன்னு வுட்டுட்டேன். ஒனக்குத் தெரியாமயே இருக்கட்டும்னு."

அந்தக் கூடுதல் களி உருண்டை எனக்காகப் பிடித்தது. நான் வைத்த பொட்டு அத்தைக்காக வைத்தது. ஒரே கட்டிலில் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்த இரண்டு பேர், ஒருத்திக்கு ஒருத்தி நல்லது செய்கிறோம் என்று, ஒரு மனுஷனை நடுவில் தாகத்தோடு நிறுத்தி வைத்திருந்தோம். சேர்ந்து அழுதிருக்கலாம். அதற்கும் கொடுத்துவைக்கவில்லை.

குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு படத்தின் கீழே வைத்தேன். பலகை வேண்டாம் என்று இருவருமே சொல்லிவிட்டோமே, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு வைத்தேன். அத்தை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எனக்கும் ஒரு வாயி குடு" என்றார். கொடுத்தேன், இரண்டு மடக்குக் குடித்தார். பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்.

இப்போது அந்த வீட்டில் நான் மட்டும்தான். தினமும் காலையில் தண்ணீர் பிடித்து வைக்கிறேன். மறுநாள் பார்த்தால் வைத்தது வைத்தபடி இருக்கிறது. எடுத்து வாசல் செம்பருத்திக்கு ஊற்றிவிட்டு வேறு பிடித்து வைக்கிறேன். வாய் அப்படியேதான் திறந்திருக்கிறது.